வெப் ஆப்பில் முகச் சரிபார்ப்பு: எந்த வழி யாருக்கு?

கடந்த சில மாதங்களில் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, ஆப் ரியாக்ட்ல இருக்கு, பின்னாடி சர்வர்ல நோட்.ஜேஎஸ். ஃபேஸ் வெரிஃபிகேஷன் சேர்க்கணும். எந்த லைப்ரரி நல்லா இருக்கும்?" (ரியாக்ட் திரைப் பக்கத்தையும் நோட் சர்வர் பக்கத்தையும் எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். லைப்ரரி என்பது எடுத்துப் போட்டுக்கொள்ளும் தயார் நிரல்.)

ஒருவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வருகைப் பதிவு செய்து தருபவர். இன்னொருவர் ஒரு நீட் பயிற்சி மையத்துக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு நடத்துபவர். மூன்றாமவர் சிறுகடன் ஆப் ஒன்றில் வேலை பார்க்கிறார். நான்காமவருக்குக் காரணம் என்று எதுவும் இல்லை. பாஸ்வேர்டு அடிப்பது பழைய காலத்து வேலையாகத் தெரிகிறதாம்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் நான்கு பேருக்கும் நான்கு விதமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதில் லைப்ரரியின் பெயர் கடைசியில்தான் வந்தது.

## கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

முகச் சரிபார்ப்பு என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, இந்த ஃபோனைக் கையில் வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர்தானா. இரண்டு, நம்மிடம் பதிவாகியிருக்கும் படத்தில் உள்ளவரும் இப்போது கேமரா முன் இருப்பவரும் ஒரே ஆளா. இதை 1:1 ஒப்பீடு என்பார்கள். மூன்று, பதிவான எல்லோரிலும் இவர் யார். இது ஒருவரைப் பலரோடு ஒப்பிடுவது. நான்கு, கேமரா முன் இருப்பது உயிருள்ள ஆளா, அல்லது ஃபோட்டோவா, இன்னொரு ஃபோனில் ஓடும் வீடியோவா. இதற்கு லைவ்னஸ் என்று பெயர்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கு போட்டால் புரியும். வேற்றாள் ஒருவரை ஆயிரத்தில் ஒரு முறை தவறாக "இவர்தான்" என்று சொல்லிவிடும் மாடல் (முகங்களை ஒப்பிடப் பயிற்சி பெற்ற மென்பொருள்) ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:1 ஒப்பீட்டில் அது ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் 600 பேர் வேலை செய்யும் கம்பெனியில், பெயரில்லாத ஒரு முகத்தை 600 பேரோடும் ஒப்பிட்டால், யாராவது ஒருவரோடு தவறாகப் பொருந்திப்போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 45 சதவீதம். மாடல் மாறவில்லை, கேட்ட விதம் மாறியது, அவ்வளவுதான். அதனால் திருப்பூர்காரரிடம் நான் முதலில் சொன்னது: ஊழியர் எண்ணை அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கார்டைக் காட்டச் சொல்லுங்கள், அதன்பிறகு முகத்தைப் பாருங்கள். ஒரு விநாடி கூடுதலாகப் போகும், பாதித் தலைவலி போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் ஐந்து. மேலே உள்ள நான்கு வேலைகளில் எது வேண்டும்? தீர்ப்பு எங்கே நடக்கிறது, பயனரின் பிரவுசரிலா, நம் சர்வரிலா, வேறு கம்பெனியின் சர்வரிலா? தவறினால் யாருக்கு நஷ்டம்: வேற்றாளை உள்ளே விட்டால் மோசமா, சரியான ஆளை வாசலில் நிறுத்தினால் மோசமா? முகத் தரவு யாரிடம் தங்குகிறது? மாதச் செலவும் பராமரிப்பும் எவ்வளவு?

இவற்றில் இரண்டாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். பிரவுசர் நம் இடம் இல்லை, பயனரின் வீடு. அங்கே ஓடும் ஜாவாஸ்கிரிப்டை அவர் நிறுத்தலாம், மாற்றலாம், பொய் சொல்ல வைக்கலாம். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்கு நான் செய்த முதல் பதிப்பில், ஒப்பீடு முழுவதும் பிரவுசரில் நடந்து "பொருந்தியது: ஆம்" என்ற ஒற்றை வரிதான் சர்வருக்குப் போகும். இரண்டாவது வாரமே பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்த வரியைக் கையாலேயே அனுப்பிவிட்டான். கேமராவை அவன் திறக்கவே இல்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, தப்பு என்னுடையது.

ஒரே பார்வையில் (பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனம் வைத்திருக்கும் சாவி; ஏபிஐ என்பது ஒரு சேவையை நம் நிரலிலிருந்து கூப்பிடும் வழி; கேஒய்சி என்பது வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்வது):

| வழி | எதற்குப் பதில் சொல்லும் | தீர்ப்பு எங்கே | லைவ்னஸ் | முகத் தரவு யாரிடம் | பணம் |
|---|---|---|---|---|---|
| பாஸ்கீ | சாதனத்தின் சொந்தக்காரரா | பயனரின் சாதனத்தில், சான்றை நம் சர்வர் சோதிக்கும் | சாதனமே பார்த்துக்கொள்ளும் | பயனரின் சாதனத்தில் மட்டும் | இல்லை |
| பிரவுசர் லைப்ரரி | 1:1, சிறு கூட்டத்தில் யார் | பிரவுசரில் | பெயரளவுக்கு | நாம் முடிவு செய்வது | இல்லை |
| சொந்த சர்வரில் மாடல் | 1:1, கூட்டத்தில் யார் | நம் சர்வரில் | நாமே சேர்க்க வேண்டும் | நம்மிடம் | சர்வர் வாடகை, ஆள் |
| கிளவுட் ஏபிஐ | 1:1, கூட்டத்தில் யார் | அவர்கள் சர்வரில் | தனிக் கட்டணத்தில் உண்டு | அவர்களிடமும் நம்மிடமும் | சோதனைக்கு இவ்வளவு |
| முழு கேஒய்சி சேவை | அடையாள அட்டையும் ஆளும் ஒன்றா | அவர்கள் சர்வரில் | உண்டு | பெரும்பாலும் அவர்களிடம் | எல்லாவற்றிலும் அதிகம் |

அட்டவணையில் சேராத ஆறாவது வழி ஒன்றும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

## பாஸ்கீ: முகத்தை நாம் பார்க்கவே தேவையில்லாத வழி

"முகம் காட்டி லாகின்" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான் என்பது என் அனுபவம். பாஸ்கீக்கு அடிப்படையான வெப்ஆத்என் என்ற தரம் 2019 மார்ச்சில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது. இன்று எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. பயனர் ஐஃபோனில் ஃபேஸ் ஐடிக்கோ விண்டோஸில் ஹலோவுக்கோ முகத்தைக் காட்டுவார். சாதனம் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டுத் தரும். நம் சர்வரிடம் இருப்பது அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவி. டேட்டாபேஸ் முழுவதும் களவுபோனாலும் அதில் ஒரு முகம்கூட இருக்காது. நோடில் சிம்பிள்வெப்ஆத்என் மாதிரியான லைப்ரரி போட்டால் இரண்டு நாள் வேலை.

துல்லியத்தைப் பார்த்தாலும் நாம் பக்கத்தில் நிற்க முடியாது. ஃபேஸ் ஐடியில் முன்பின் தெரியாத ஒருவர் முகத்தைக் காட்டித் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது ஆப்பிள். அதற்கென்று தனி சென்சார் இருக்கிறது. நம் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது சாதாரண செல்ஃபி கேமராவின் படம்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் வேறு வகை. "முகம்தான் வேண்டும், பின் நம்பர் கூடாது" என்று நம்மால் கட்டாயப்படுத்த முடியாது. பயனரைச் சாதனம் சரிபார்த்தது என்ற ஒரு குறி மட்டும் வரும். முகமா, கைரேகையா, நான்கு இலக்க எண்ணா என்று தெரியாது. நம் வீடுகளில் ஒரே ஃபோனை மூன்று பேர் வைத்திருப்பார்கள், பின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். பாஸ்கீ டொமைனோடு ஒட்டிக்கொள்ளும், பின்னாளில் முகவரியை மாற்றினால் பயனர்கள் திரும்பப் பதிய வேண்டி வரும். ஃபோன் தொலைந்தவருக்கு மீட்பு வழியும் எழுத வேண்டும். அந்த மீட்பு வழி வெறும் ஓடிபி என்றால் நம் பாதுகாப்பின் உயரமும் அந்த ஓடிபி அளவுதான்.

நான்காமவருக்கு இதுதான் பதில். நீட் தேர்வுக்கு இது உதவாது: மாணவர் தன் முகத்தைக் காட்டித் திறந்து, ஃபோனை அக்காவிடம் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

## பிரவுசருக்குள்ளேயே ஒப்பிடுவது

தேடினால் முதலில் வந்து நிற்பது ஃபேஸ்-ஏபிஐ.ஜேஎஸ். பிரவுசரில் மாடல்களை ஓட்டும் டென்சர்ஃப்ளோ.ஜேஎஸ் மேல் கட்டியது. முகத்தை 128 எண்களாக மாற்றும். இரண்டு முகங்களின் எண்களுக்கு இடையே உள்ள தூரம் 0.6-க்குக் கீழே இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அடையாளம் காணும் மாடல் சுமார் 6.2 எம்பி, அதோடு முகம் எங்கே என்று கண்டுபிடிக்கும் சின்ன மாடல், கண் மூக்குப் புள்ளிகளைக் குறிக்கும் மாடல் எல்லாம் சேர்த்து 7 எம்பியைத் தொடும். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் முதல் ஓட்டம் மட்டும் பல விநாடி தடுமாறும். திரை உறைந்துபோனது என்று நினைத்துப் பக்கத்தை ரீலோட் செய்பவர்கள் நிறைய.

மூல லைப்ரரியின் கடைசி வெளியீடு 2020-இல் வந்தது. அதன் கிளை ஒன்றைப் பராமரித்தவர் பின்னர் ஹியூமன் என்ற லைப்ரரியை எழுதினார். இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பார்க்கலாம். கூகுளின் மீடியாபைப்பைப் பலர் இந்த வேலைக்குப் போடப் பார்க்கிறார்கள். அது முகத்தில் 478 புள்ளிகளைக் குறித்துத் தரும், யார் என்று சொல்லாது.

99.38 சதவீதத் துல்லியம் என்று படித்திருப்பீர்கள். அந்த எண் எல்எஃப்டபிள்யூ என்ற படத்தொகுப்பில் எடுத்தது. 2007-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் 5,749 பேரின் 13,233 படங்கள் இருக்கின்றன. எல்லாம் செய்திகளில் வந்த பிரமுகர்களின் படங்கள். டியூப்லைட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்காரும் நம் ஊர் மாணவிக்கும் அவள் தங்கைக்கும் இடையே அந்த எண் என்ன ஆகும் என்பதை நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு பிரவுசரில் நடப்பதால் லாகினுக்கோ தேர்வுக்கோ இதை மட்டும் நம்பவே கூடாது. "கண் சிமிட்டுங்கள், தலையைத் திருப்புங்கள்" என்று சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். கண் சிமிட்டும் வீடியோவை எடுத்து ஓபிஎஸ் மாதிரி ஒரு மென்பொருளின் விர்ச்சுவல் கேமராவில் ஓடவிட்டால் பிரவுசருக்கு அது நிஜக் கேமராவாகத்தான் தெரியும்.

ஆனால் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். திருப்பூர் கம்பெனியின் வாசலில் இருப்பது கம்பெனியின் சொந்த டேப்லெட், வேறு எதையும் திறக்க முடியாதபடி கியோஸ்க் முறையில் பூட்டியது. அங்கே பிரவுசர் பயனரின் வீடு அல்ல, நம்முடையதுதான். பக்கத்திலேயே வாட்ச்மேன் நிற்கிறார், ஃபோட்டோவைத் தூக்கிக் காட்டினால் பார்த்துவிடுவார். இணையம் போனாலும் பதிவு ஓடும், மாதச் செலவு இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி வளர்ப்பவர்களுக்கு மட்டும் மாதத்துக்கு ஒரு முறை பதிவுப் படத்தைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு நல்ல பயன்: தரம் பார்க்கும் வாயில்காப்போனாக வைப்பது. முகம் திரையில் வரைந்த கட்டத்துக்குள் இருக்கிறதா, ஒரே முகமா, வெளிச்சம் போதுமா என்பதை மட்டும் பிரவுசரில் பார்த்துவிட்டு, நல்ல படத்தைச் சர்வருக்கு அனுப்புவது. இதற்குச் சின்ன மாடல் போதும், 7 எம்பி தேவையில்லை. கீழே வரும் இரண்டு வழிகளோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். தோல்விகள் பாதியிலேயே வடிகட்டப்படும், ஏபிஐ செலவும் மிச்சம்.

## சொந்த சர்வரில் மாடல்

இங்கே தரம் ஒரு படி மேலே. ஆர்க்ஃபேஸ் வகை மாடல்கள் முகத்தை 512 எண்களாக மாற்றுகின்றன. பைத்தானில் இன்சைட்ஃபேஸ், டீப்ஃபேஸ் என்று எடுத்து ஒரு சின்ன ஏபிஐ எழுதி, நோடிலிருந்து கூப்பிடலாம். பைத்தான் வேண்டாம் என்றால் காம்ப்ரீஃபேஸ் இருக்கிறது: அப்பாச்சி 2.0 உரிமம், டாக்கரில் (மென்பொருளைப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஏற்றினால் நோடிலிருந்து கூப்பிட ரெஸ்ட் ஏபிஐ தயார். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் சோதனைகள் என்றால் மாடல்களை வேகமாக ஓட்டும் ஜிபியு சிப்பே வேண்டாம்.

பலர் கவனிக்காத பொறி உரிமத்தில் இருக்கிறது. இன்சைட்ஃபேஸின் நிரல், வணிகத்துக்கும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. ஆனால் அதோடு தரும் பயிற்சி பெற்ற மாடல்கள் வணிகம் சாராத ஆராய்ச்சிக்கு மட்டுமே. கிட்ஹப் பக்கத்தில் எம்ஐடி என்று பார்த்தவுடன் கட்டண ஆப்பில் போட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த செலவு இரண்டு வருடம் கழித்து வரும். ஒரு மாடல் உருவாக்கிய எண்களை இன்னொரு மாடலின் எண்களோடு ஒப்பிட முடியாது. மாடலை மாற்றினால் எல்லா முகங்களையும் மறுபடி எண்களாக்க வேண்டும். அதற்கு மூலப் படங்கள் வேண்டும். "படத்தை வைத்துக்கொள்வதில்லை, எண்களை மட்டுமே வைக்கிறோம்" என்று பயனரிடம் சொல்லியிருந்தால் எல்லோரையும் திரும்ப வரச்சொல்லிப் பதிய வேண்டியதுதான். இந்த முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். அந்த எண்கள் வெறும் எண்கள்தானே என்று அலட்சியமாகவும் இருக்காதீர்கள். அவற்றிலிருந்து முகத்தை ஓரளவு மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

லைவ்னஸும் நம் தலையில். திறந்த மூல மாடல்கள் அச்சடித்த ஃபோட்டோவையும் திரையில் காட்டும் படத்தையும் ஓரளவு பிடிக்கும்; மெனக்கெட்டு ஏமாற்ற வருபவரைப் பிடிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

தரவு வெளியே போகவே கூடாது என்ற கட்டாயம் இருந்து, மாடலைப் பராமரிக்க ஒரு ஆளும் இருந்தால் இது நல்ல வழி. ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் செய்பவர் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

## கிளவுட் ஏபிஐ

மூன்று பெரிய கம்பெனிகளும் இதைத் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கூகுளின் கிளவுட் விஷன் படத்தில் முகம் இருக்கிறதா என்று சொல்லும், யார் என்று சொல்லாது. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனிலிருந்து அஸூர் ஃபேஸின் அடையாளம் காணும் பகுதிக்கு விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. சின்னக் குழுவுக்கு இன்று மாலையே தொடங்க முடிவது பெரும்பாலும் அமேசான் ரெகக்னிஷன்தான்.

அதில் இரண்டு துண்டுகளைச் சேர்க்க வேண்டும். முதலாவது இரண்டு படங்களை ஒப்பிடும் அழைப்பு. அமெரிக்க வட்டாரப் பட்டியல் விலையில் முதல் 10 லட்சம் வரை ஒன்றுக்கு 0.001 டாலர். இரண்டாவது 2023-இல் வந்த ஃபேஸ் லைவ்னஸ். ஒரு சோதனைக்கு 0.015 டாலர். ஒப்பீட்டைவிட லைவ்னஸ் 15 மடங்கு. கையில் பிடிபடும்படி சொன்னால்: 2,000 மாணவர்கள், வருடத்துக்கு 12 தேர்வு, ஆளுக்கு ஒரு சோதனை என்றால் 24,000 சோதனைகள், 384 டாலர். நான்கில் ஒருவர் இரண்டாவது முறை முயன்றால் 480. விலை மாறக்கூடியது, பட்ஜெட் போடும் அன்று விலைப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு அமர்வை உருவாக்குவது நம் சர்வர். ரியாக்ட் கூறு ஒன்று திரையில் நீள்வட்டத்தைக் காட்டி, வண்ண ஒளிகளை மின்னவிட்டு, வீடியோவை நேராக அமேசானுக்கு அனுப்பும். முடிவை நம் சர்வர்தான் போய்க் கேட்டு வாங்கும். அமர்வு எண் ஒரு தடவைக்கு மட்டும், அதுவும் சில நிமிடங்களில் காலாவதி. அந்தப் பையன் செய்த வேலை இங்கே நடக்காது.

சரி, மறைந்திருப்பவை? எவ்வளவு ஒத்திருந்தால் ஒரே ஆள் என்று ஏற்பது என்பதுதான் வரம்பு; ஒப்பீட்டு அழைப்பில் அது இயல்பாக 80 சதவீத ஒற்றுமை. மாற்றாமல் விட்டால் அக்கா தங்கை பாடு கஷ்டம். பொதுப் பாதுகாப்பு மாதிரியான வேலைகளுக்கு அமேசானே 99 என்று பரிந்துரைக்கிறது. லைவ்னஸ் கூறுக்காக அமேசானின் ஆம்ப்ளிஃபை, காக்னிட்டோ என்று ஒரு கூட்டமே ஆப்புக்குள் வந்து உட்காரும்; ரியாக்டுக்குப் பதில் வியூ, ஸ்வெல்ட் பயன்படுத்துபவர்கள் ரியாக்டைத் தனித் தீவாகச் செருக வேண்டியிருக்கும். மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் மாற்று வழியும் வேண்டும். பிறகு, ரெகக்னிஷன் உள்ளிட்ட சில ஏஐ சேவைகளில் நாம் அனுப்புவதைச் சேவை மேம்பாட்டுக்குப் பயன்படுத்த நிபந்தனைகள் இடம் தருகின்றன. வேண்டாம் என்றால் கணக்கு அமைப்பில் போய் விலகிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமலே "உங்கள் படம் பத்திரம்" என்று எழுதிவிடாதீர்கள்.

## முழு கேஒய்சி சேவை

சிறுகடன் நண்பருக்கு வேறு வழியே இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். அடையாள அட்டையைப் படிப்பது, அட்டையின் படத்தோடு செல்ஃபியை ஒப்பிடுவது, லைவ்னஸ், தணிக்கைப் பதிவு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகத் தருபவர்கள் இவர்கள். ஸ்ட்ரைப் ஐடென்டிட்டியின் பட்டியல் விலை ஒரு சரிபார்ப்புக்கு 1.50 டாலர்; மேலே சொன்ன கிளவுட் வழியைப் போல் கிட்டத்தட்ட 90 மடங்கு. இந்தியாவில் ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் தொடங்கிய ஹைப்பர்வெர்ஜ் போன்றவை இருக்கின்றன. விலை பேசி முடிவு செய்வது.

ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் வரும் நிறுவனம் என்றால் 2020 ஜனவரியில் வந்த வீடியோ கேஒய்சி விதிகளையும் பார்க்க வேண்டும். அதில் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் நேரலையில் இருக்க வேண்டும், ஏபிஐ மட்டும் போதாது. ஆதார் முகச் சரிபார்ப்பைச் சிலர் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டுத் தனியாருக்கும் கதவு திறந்தது உண்மை. ஆனால் ஒப்புதல் வாங்கியவர்களுக்குத்தான். படத்தைப் பிடிப்பது ஆதார் ஆணையத்தின் சொந்தச் செயலி, நம் ஜாவாஸ்கிரிப்ட் அல்ல.

சேவை விற்க வருபவர் ஐஎஸ்ஓ 30107 சான்றிதழைக் காட்டுவார். நல்லது. அது கேமரா முன்னால் காட்டும் போலிகளுக்கான சோதனை. கேமராவையே தாண்டி விர்ச்சுவல் கேமரா வழியாக வீடியோவைச் செலுத்துவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று தனியாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

## எந்த வழியில் போனாலும் வரும் செலவுகள்

கேமரா என்பது ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாமல் திறக்காது, டெவலப்பரின் சொந்தக் கணினியான லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விதிவிலக்கு. டெவலப்பரின் மேசையில் ஓடியது பயனரிடம் ஓடாததற்கு இது முதல் காரணம். ஐஃபோன் சஃபாரியில் வீடியோ டேக்கில் 'ப்ளேஸ்இன்லைன்' போட மறந்தால் வீடியோ முழுத்திரைக்குத் தாவும். சமூக வலைதள ஆப்புகளுக்குள் லிங்கைத் தட்டித் திறப்பவர்களுக்கு அந்த ஆப்பின் உள் பிரவுசர் கேமராவைத் தராமல் மறுக்கலாம். "குரோமில் திறக்கவும்" என்று ஒரு திரை எழுதி வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019-இல் 189 மென்பொருள்களைச் சோதித்தபோது, பலவற்றில் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்குத் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்குவரை கூடியிருந்தது. வரம்பை ஆவணத்திலிருந்து காப்பி அடிக்காமல், உங்கள் பயனர்களிலேயே ஐம்பது பேரின் படங்களை, அவர்கள் சம்மதத்தோடு, வைத்து நீங்களே தீர்மானியுங்கள். அண்ணன் தம்பி ஜோடிகளை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். நீட் நண்பருக்கு இதில் வேறொரு சிக்கல்: 18 வயதுக்குக் கீழே எல்லோரும் சட்டப்படி குழந்தைகள், பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோருக்கு 16, 17 வயது. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பாவில் அதே வகைச் சட்டமான ஜிடிபிஆர், இரண்டுமே முகம், கைரேகை போன்ற உயிரியளவுத் தரவைத் தனி வகையாகவே பார்க்கின்றன. அங்கே பயனர் இருந்தால் சேர்த்துப் படியுங்கள்.

கடைசியாக, முகம் பொருந்தாதவருக்கு என்ன வழி? தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று முறை தோற்றுப்போன மாணவியை வெளியே நிறுத்துவீர்களா? நிறுத்தக் கூடாது. உள்ளே விட்டு, அந்தப் பதிவைத் தனியாகக் குறித்து வைத்து, பிறகு ஒரு ஆள் பார்த்தால் போதும்.

## ஆறாவது வழியும், நீட் நண்பர் செய்ததும்

அந்த "ஒரு ஆள் பார்ப்பது" தனி வழியாகவே நிற்கக்கூடியது. தேர்வு தொடக்கத்தில் ஒரு படம், நடுவில் சொல்லாமல் இரண்டு படம், முடிந்ததும் பதிவுப் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் காட்டும் ஒரு பக்கம். வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்குத் தன் மாணவர்களைத் தெரியும். 40 பேரைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். இதற்கு எந்த மாடலும் வேண்டாம். சம்மதமும் படங்களை அழிக்கும் தேதியும் மட்டும் இதற்கும் வேண்டும்.

நீட் நண்பர் வாராந்திரத் தேர்வுகளுக்கு இதையே வைத்துக்கொண்டார். கட்டணச் சலுகை கொடுக்கும் மூன்று தரவரிசைத் தேர்வுகளுக்கு மட்டும் கிளவுட் லைவ்னஸும் ஒப்பீடும். பெற்றோர் சம்மதத்தைச் சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்துக்கொண்டார்கள், மறுப்பவர்கள் மையத்துக்கு வந்து எழுதலாம்.

முதல் தரவரிசைத் தேர்வில் எதிர்பார்த்ததைவிடத் தோல்விகள் நிறைய. வரம்பைக் குறைத்துவிடலாமா என்று இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். தோற்றவர்களின் பதிவுப் படங்களை அனுப்பச் சொன்னேன். பாதிக்கு மேல் அடையாள அட்டை ஜெராக்ஸிலிருந்து ஃபோனில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள், சிலது எட்டாம் வகுப்பில் எடுத்தது. வரம்பைத் தொடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மையத்துக்கு வரச்சொல்லி, ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, தேர்வு எழுதும் அதே ஃபோனில் அதே ஆப் வழியாகப் புதிதாகப் படம் எடுத்தார்கள்.